கடலை எண்ணெயும் கச்சா எண்ணெயும்: சுத்திகரிப்பு ஆலைக்குள் என்ன நடக்கிறது?

செக்கு நல்லது, ரீஃபைண்ட் கெட்டது என்கிறது ஒரு கட்சி. ரீஃபைண்ட்தான் சுத்தம் என்கிறது எதிர்க்கட்சி. ஆலைக்குள் எட்டிப் பார்த்தால், வாணலிக்குப் போகும் எண்ணெயும் வண்டிக்குப் போகும் எண்ணெயும் ஏறக்குறைய ஒரே படிகளைத் தாண்டி வருவது தெரியும். கேட்க வேண்டிய கேள்வியும் அங்கேதான் இருக்கிறது.

சென்னை மணலியில் இருக்கும் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலையில் என்னென்ன தயாராகிறது என்று கேட்டால் பெட்ரோல், டீசல், சமையல் கேஸ், விமான எரிபொருள், சாலை போடும் தார் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அந்தப் பட்டியலில் பலர் அறியாத ஒரு பெயரும் உண்டு: ஹெக்சேன். தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும், 69 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் பெட்ரோலியத் திரவம். இதன் முக்கிய வாடிக்கையாளர்கள் சமையல் எண்ணெய் ஆலைகள். தவிட்டிலிருந்தும் சோயாவிலிருந்தும் எக்ஸ்பெல்லர் பிழிந்து முடித்த புண்ணாக்கிலிருந்தும் மிச்ச எண்ணெயைக் கரைத்து எடுப்பது இந்த ஹெக்சேன்தான்.

“பெட்ரோலை ஊற்றியா எண்ணெய் எடுக்கிறார்கள்?” என்று பதறும் வாட்ஸ்ஆப் செய்திகள் ஆண்டு முழுக்கச் சுற்றுகின்றன. பதறுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்கலாம். இரண்டு தொழில்களும் ஒரே கருவிப் பெட்டியைத்தான் திறக்கின்றன: நீராவி, வெற்றிடம், காஸ்டிக் சோடா, களிமண், குளிரூட்டல், ஹைட்ரஜன். வேறுபாடு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு படியில் எண்ணெயில் கலந்திருப்பது வெறுமனே பிரிகிறதா, இல்லை எண்ணெயின் மூலக்கூறே வேறொன்றாக மாறுகிறதா? பெட்ரோலிய ஆலையின் லாபமே மாற்றத்தில் இருக்கிறது. சமையல் எண்ணெயில் ஏற்பட்ட பெரிய சிக்கல்கள் பலவும் அதே மாற்றத்தில்தான் பிறந்தன.

செக்கு முதல் சால்வென்ட் வரை

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. வாகை மரச் செக்கில் எள்ளைப் போட்டு, இடையே கருப்பட்டி சேர்த்து ஆட்டி எடுத்த எண்ணெயில் சூடு அதிகம் ஏறாது, மணமும் போகாது. எண்ணெய் வேதியியலாளரும் உணவு வரலாற்றாசிரியருமான கே.டி.அச்சயா, இந்தியச் செக்கைப் பற்றி மட்டுமே தனி நூல் எழுதும் அளவுக்கு அந்தக் கருவியில் விஷயம் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு குறை. ஆட்டி முடித்த புண்ணாக்கில் 10 சதவீதத்துக்கு மேலும் எண்ணெய் தங்கிவிடும். மாட்டுக்கு அது வரம். எண்ணெய் வியாபாரிக்கு நஷ்டம்.

அந்த நஷ்டத்தைக் குறைத்தவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்தைச் சேர்ந்த வலேரியஸ் ஆண்டர்சன். 1900-ல் அவர் உருவாக்கிய திருகு அழுத்த இயந்திரத்தின் வணிகப் பெயர்தான் எக்ஸ்பெல்லர். இன்று நம் ஊர் எண்ணெய் மில்களில் அந்த வகை இயந்திரத்துக்கே அதுதான் பெயர். விதையை ஒரு பக்கம் கொட்டிக்கொண்டே இருக்கலாம். சுழலும் திருகு அதை நெருக்கி நசுக்க, எண்ணெய் ஒரு பக்கமும் புண்ணாக்கு மறுபக்கமும் வந்துகொண்டே இருக்கும். மிஞ்சும் எண்ணெய் 6 முதல் 8 சதவீதமாகக் குறைந்தது. உராய்வில் சூடு 100 டிகிரியைத் தாண்டுவது அதற்கான விலை.

எள்ளிலும் கடலையிலும் பாதிக்குப் பாதி எண்ணெய் இருக்கிறது. பிழிந்தாலே போதும். சோயாவில் சுமார் 20 சதவீதம்தான். அரிசித் தவிட்டில் 15 முதல் 20 சதவீதம்தான். இவற்றைப் பிழிவது கட்டுப்படியாகாது. அதனால் விதையை மெல்லிய அவல்போலத் தட்டி, அதன்மீது சால்வென்ட்டாக, அதாவது கரைப்பானாக, ஹெக்சேனைத் தெளிக்கிறார்கள். எண்ணெய் கரைந்து வருகிறது. பிறகு சூடேற்றி ஹெக்சேனை ஆவியாக்கி, குளிரவைத்து, மறுபடி அதையே பயன்படுத்துகிறார்கள். புண்ணாக்கில் மிஞ்சும் எண்ணெய் 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். இப்படி எடுத்த எண்ணெயைச் சுத்திகரிக்காமல் உண்பதற்கு விற்க இந்தியச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. சுத்திகரித்த பிறகும் தங்கும் ஹெக்சேன் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது வரம்பு. 69 டிகிரியில் கொதிக்கும் பொருள், அடுத்து வரும் 200 டிகிரிக்கு மேற்பட்ட வெற்றிடப் படியில் தங்குவது கடினம். ஹெக்சேனைப் பற்றி உண்மையில் பயப்பட வேண்டியவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். காற்றோடு கலந்த அதன் ஆவி ஒரு சிறு பொறியில் தீப்பிடிக்கும்.

ஒரே படிக்கட்டு, இரண்டு ஆலைகள்

பிழிந்தோ கரைத்தோ எடுத்த எண்ணெயில் கொழுப்பு மட்டும் இருப்பதில்லை. பிசின்கள், தனித்து நிற்கும் கொழுப்பு அமிலங்கள், நிறமிகள், மெழுகு, வாடை தரும் பொருள்கள் எல்லாம் கலந்திருக்கும். கிணற்றிலிருந்து வரும் கச்சா எண்ணெயிலும் உப்பு, கந்தகம், மெழுகு, உலோகம் என்று கூட்டாளிகள் அதிகம்.

முதல் படி தண்ணீர். சமையல் எண்ணெயைச் சூடாக்கி, கொஞ்சம் தண்ணீரும் தேவைப்பட்டால் பாஸ்பாரிக் அமிலமும் சேர்த்தால் பிசின்கள் ஊறிக் கனத்துப் பிரியும். சோயாவிலிருந்து வரும் அந்தப் பிசின்தான் சாக்லேட் உறையில் நீங்கள் படிக்கும் லெசித்தின். மணலி போன்ற ஆலையிலும் முதல் வேலை கழுவுவதுதான். தண்ணீரைக் கலந்து, மின்புலத்தால் உப்பு நீரைப் பிரிக்காவிட்டால் அடுத்துள்ள குழாய்களை உப்பு அரித்துவிடும்.

இரண்டாவது காஸ்டிக் சோடா. தனித்து நிற்கும் கொழுப்பு அமிலத்தோடு அது சேர்ந்தால் சோப்பு. சுழற்றிப் பிரித்து சோப்புத் தொழிலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெட்ரோலிய ஆலையில் இதே காஸ்டிக் சமையல் கேஸின் துர்நாற்றக் கந்தகச் சேர்மங்களைக் கழுவ உதவுகிறது. அப்படி வாடையை நீக்கிய பிறகு, கசிந்தால் மூக்குக்குத் தெரியவேண்டுமே என்று எத்தில் மெர்காப்டன் என்ற இன்னொரு கந்தக வாடையை அளந்து சேர்க்கிறார்கள்.

மூன்றாவது களிமண். அமிலத்தில் பதப்படுத்திய மண்ணைச் சூடான எண்ணெயில் கலக்கினால் பச்சையம், கரோட்டின் போன்ற நிறமிகள் மண்ணில் ஒட்டிக்கொள்ளும்; வடிகட்டினால் எண்ணெய் வெளுத்துவிடும். விமான எரிபொருளையும் இப்படிக் களிமண் படுகை வழியே செலுத்தித் தெளியவைக்கும் வழக்கம் உண்டு.

நான்காவது குளிர். சூரியகாந்தி எண்ணெயிலும் தவிட்டு எண்ணெயிலும் இருக்கும் மெழுகைக் குளிரவைத்து உறையச் செய்து வடிகட்டுகிறார்கள். இல்லையென்றால் பாட்டிலில் மேகம் படிந்ததுபோல் தெரியும். என்ஜின் ஆயிலுக்கான அடிப்படை எண்ணெயிலும் மெழுகைக் குளிரவைத்து எடுப்பது உண்டு. அது பாரஃபின் மெழுகாகி மெழுகுவர்த்திக்குப் போகிறது. ரேஷன் பாமாயில் மார்கழியில் அடியில் கட்டி தட்டுவதும் இதே சங்கதிதான். பனை எண்ணெயைக் குளிரவைத்து, உறையும் ஸ்டியரினைப் பிரித்து, உறையாமல் நிற்கும் ஒலீனை மட்டும் பாட்டிலில் அடைக்கிறார்கள். பிரித்த பிறகும் கொஞ்சம் உறையும் குணம் மிஞ்சிவிடுகிறது.

ஐந்தாவதுதான் கடினமான படி: வாடை நீக்கம். 1900-ஐ ஒட்டி அமெரிக்காவில் டேவிட் வெஸ்ஸன் பருத்திவிதை எண்ணெயின் வாடையோடு மல்லுக்கட்டி, வெற்றிடத்தில் நீராவியைச் செலுத்தும் முறையைக் கண்டார். இன்றும் அதுவே நடைமுறை. 200 டிகிரிக்கு மேல் சூடு, பெரும்பாலும் காற்றே இல்லாத கலன், அடியிலிருந்து நீராவி. வாடை ஆவியாகி மேலே போய்விடும். பெட்ரோலிய ஆலையிலும் முதல் கோபுரத்தின் அடியில் தங்கும் கனமான மிச்சத்தை வெற்றிடக் கோபுரத்துக்கு அனுப்புகிறார்கள். வெற்றிடத்தில் கொதிநிலை இறங்குவதால், மூலக்கூறு உடையும் அளவுக்குச் சூடேற்றாமலே பிரித்துவிடலாம். இரண்டு ஆலைகளிலும் காரணம் ஒன்றுதான்.

பிரிப்பு நின்று மாற்றம் தொடங்கும் இடம்

கார்கள் பெருகப் பெருக, கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் கிடைக்கும் பெட்ரோல் போதவில்லை. அமெரிக்காவின் இந்தியானா ஸ்டாண்டர்ட் ஆயிலில் வில்லியம் பர்டன் 1913-ல் அதற்கு வழி கண்டார். அழுத்தத்திலும் சூட்டிலும் கனமான மூலக்கூறுகளை உடைத்துப் பெட்ரோலாக்கினார். பிறகு யூஜின் ஹூட்ரி வினையூக்கியால் உடைக்கும் முறையைக் கொண்டுவந்தார். இந்த வரலாற்றுக்கு மணலியில் ஒரு கிளை உண்டு. 1965-ல் மத்திய அரசு, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம், அமெரிக்காவின் அமோகோ ஆகியவை சேர்ந்து மெட்ராஸ் ரிஃபைனரீஸைத் தொடங்கின. அமோகோ அதே இந்தியானா ஸ்டாண்டர்ட் ஆயில் குடும்பத்து நிறுவனம். 1969-ல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனோடு ஓடத் தொடங்கிய ஆலை, இன்று சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்ற பெயரில் 105 லட்சம் டன் திறனுக்கு வளர்ந்திருக்கிறது. உடைப்பதும் ஹைட்ரஜன் சேர்ப்பதும் இல்லாமல் இந்த அளவு ஆலை லாபத்தில் ஓடாது.

சமையல் எண்ணெயும் அதே ஹைட்ரஜனிடம் போனது. நிக்கல் முன்னிலையில் ஹைட்ரஜன் சேர்க்கும் வேதியியலை பிரான்ஸின் பால் சபாட்டியே வளர்த்தார். 1912-ல் நோபல் பரிசு பெற்றார். அதைத் திரவக் கொழுப்பில் பயன்படுத்தி உறையவைத்தவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன், காப்புரிமை 1902-ல். 1911-ல் அமெரிக்காவில் கிரிஸ்கோ, 1937-ல் இந்தியாவில் டால்டா. நெய்போல் உறையும், விலை குறைவு, எளிதில் காறாது. கல்யாணச் சமையலும் பேக்கரிகளும் இதற்கு மாறின. அரைகுறையாக ஹைட்ரஜன் சேர்க்கும்போது சில மூலக்கூறுகள் வடிவம் திரும்பி டிரான்ஸ் கொழுப்பாகின்றன. அவை இதயத்துக்குக் கேடு செய்கின்றன என்று உறுதியாவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் டிரான்ஸ் கொழுப்பு 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வரம்பு விதித்தது.

வாடை நீக்கும் படியிலும் சூடு மிஞ்சினால் மாற்றம் தலைகாட்டும். 3-எம்.சி.பி.டி. எஸ்டர், கிளைசிடில் எஸ்டர் என்று இரண்டு பொருள்கள் 200 டிகிரிக்கு மேல் உருவாகின்றன. பனை எண்ணெயில் அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 2018-லிருந்து இவற்றுக்கு அடுத்தடுத்து வரம்புகளைக் கொண்டுவந்தது. சூட்டைக் குறைப்பது, காய் பறித்த கையோடு பதப்படுத்துவது என்று ஆலைகள் வழி தேடுகின்றன. அதாவது கழுவுவது, வடிகட்டுவது, குளிரவைப்பது ஆகியவை பிரிப்போடு நிற்கின்றன. உச்சச் சூடும் அரைகுறை ஹைட்ரஜனும் எண்ணெயையே மாற்றுகின்றன. ரீஃபைண்ட் என்ற ஒற்றைப் பெயருக்குள் இந்த இரண்டும் சேர்ந்து கிடப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

செக்கு எண்ணெய்க்கும் ஒரு கேள்வி

செக்குக் கட்சிக்கு இதில் முழு வெற்றி கிடைத்துவிட்டதா? கடலையை எடுத்துக்கொள்ளுங்கள். சரியாகக் காயாத கடலையில் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை ஏறி, அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. 1960-ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்தபோது, தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கைத் துருவித்தான் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். கல்லீரல் புற்றுநோய்க்கு இது ஒரு காரணி. காஸ்டிக்கும் களிமண்ணும் தாண்டிய எண்ணெயில் இது கிட்டத்தட்ட இருக்காது. பிழிந்து வடிகட்டிய எண்ணெயில் இருக்கக்கூடும். ஆகவே செக்கு எண்ணெயின் தரம் செக்கு மரத்தில் இல்லை. களத்தில் எப்படிக் காய்ந்தது, கிடங்கில் எப்படி இருந்தது என்பதில் இருக்கிறது. மரச்செக்கு என்று பலகை எழுதிய கடையில் கேட்க வேண்டியது, “கடலை எங்கிருந்து வந்தது, கையால் பொறுக்கினீர்களா?” என்பதுதான்.

எதிர்ப்பக்கக் கணக்கும் உண்டு. நல்லெண்ணெயை யாரும் ரீஃபைண்ட் செய்து கேட்பதில்லை. வாடை நீக்கினால் நாம் எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதுவே போய்விடும். தவிட்டு எண்ணெயின் பெருமை ஒரைசனால் என்ற சேர்மம். காஸ்டிக்கில் கழுவினால் பெரும்பகுதி சோப்போடு போய்விடும். அமிலத்தை நீராவியால் வெற்றிடத்தில் பிரிக்கும் முறையில் அது தங்குகிறது. அரிசி ஆலையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்திலேயே தவிட்டில் நொதிகள் வேலையைத் தொடங்கி அமிலத்தை ஏற்றிவிடுவதால், தவிட்டை உடனே சூடாக்கி நிலைப்படுத்துகிறவர்களுக்குத்தான் நல்ல எண்ணெய் கிடைக்கிறது.

பிரிக்கும் கலையை வைத்து ஏமாற்றவும் முடியும். 1981-ல் ஸ்பெயினில், தொழிற்சாலைப் பயன்பாட்டுக்காக அனிலின் கலந்து இறக்குமதியான கடுகு வகை எண்ணெயைச் சிலர் வாங்கி, மறுபடி சுத்திகரித்து அனிலினை நீக்க முயன்றார்கள். லேபிள் இல்லாத குப்பிகளில், ஆலிவ் எண்ணெய் என்று தெருத்தெருவாக விற்றார்கள். சுமார் 20,000 பேர் பாதிக்கப்பட்டனர். 300-க்கும் அதிகமானோர் இறந்தனர். நிறமும் மணமும் போன எண்ணெய்க்கு ஊர், பெயர் எதுவும் தெரியாது. அதற்கு அடையாளம் சோதனைச் சாலைச் சான்றும் மூடிய உறையும் மட்டுமே.

நீக்கியது எங்கே போகிறது?

நல்ல ஆலையில் நீக்கிய பொருளுக்கும் விலை உண்டு. வாடை நீக்கும் கலனிலிருந்து ஆவியாகி வரும் கழிவில் எண்ணெயின் டோகோபெரால் கலந்திருக்கிறது. இயற்கை வைட்டமின் ஈ மாத்திரைக்கு முக்கிய மூலப்பொருள் அதுதான். எண்ணெயில் இலவசமாக இருந்ததன் ஒரு பங்கை மருந்துக் கடையில் வாங்குகிறோம்.

பெட்ரோலிய ஆலையில் நீக்கப்படும் முக்கியமான பொருள் கந்தகம். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்த பி.எஸ்-6 விதிப்படி பெட்ரோலிலும் டீசலிலும் கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அதற்கு முந்தைய பி.எஸ்-4-ல் 50 வரை இருக்கலாம். இதற்காக ஹைட்ரஜன் அலகுகளில் ஆலைகள் பெரும் முதலீடு செய்தன. பிரிந்த கந்தகம் க்ளாஸ் முறையில் மஞ்சள் கட்டியாகி உரத்துக்கும் அமிலத்துக்கும் போகிறது.

எல்லாம் இவ்வளவு ஒழுங்காகப் போவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் அடித்துவரப்பட்டு எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. மீனவர்கள் படகையும் வலையையும் இழந்து, கையால் எண்ணெயை அள்ளினார்கள். ஆலைக்குள் பிரிப்பதில் காட்டும் துல்லியம் மதிலுக்கு வெளியே ஓடும் மழைநீர்க் கால்வாயிலும் இருந்தாக வேண்டும்.

கப்பலில் வரும் இரண்டு கச்சா எண்ணெய்

இந்தியா தனக்குத் தேவையான பெட்ரோலியக் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. சமையல் எண்ணெயிலும் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்குதான்: ஆண்டுக்கு ஏறத்தாழ 160 லட்சம் டன். இந்தோனேசிய, மலேசியப் பாமாயில், தென்னமெரிக்கச் சோயா, கருங்கடல் பகுதிச் சூரியகாந்தி. அதில் பெரும்பகுதி கச்சாவாக வந்து துறைமுகத்தை ஒட்டிய ஆலைகளில் சுத்திகரிக்கப்படுகிறது. காரணம் வரிக் கணக்கு. 2025 மே மாத இறுதியில் கச்சா சமையல் எண்ணெய்களின் அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தது. செஸ் எல்லாம் சேர்த்து கச்சாவுக்கு 16.5 சதவீதம், சுத்திகரித்து வருவதற்கு 35.75 சதவீதம். இந்த இடைவெளியில்தான் உள்நாட்டு ரிஃபைனரிகள் மூச்சு விடுகின்றன. ஆலைக்கு லாபமான இந்த ஏற்பாடு கடலையும் எள்ளும் போடும் விவசாயிக்கு எப்போதும் லாபம் என்று சொல்ல முடியாது. கச்சா மலிவாக இறங்கினால் உள்ளூர் எண்ணெய் வித்துகளின் விலை சரிகிறது.

தமிழக ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலும் இந்தக் கடல்வழியின் முடிவுதான். மாதக் கடைசியில் குடும்பம் ஓட்டுகிறவர்களிடம் போய்ச் செக்கு எண்ணெய் மகிமை பேசுவதற்கு முன், இரண்டின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சமையல் எண்ணெய் இப்போது எதிர்த்திசையிலும் பயணிக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமைக்கக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. அப்படிக் கழித்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டமும் அதே ஆண்டு தொடங்கியது. அடுத்தது ஆகாயம். பழைய எண்ணெயில் ஹைட்ரஜன் சேர்த்து விமான எரிபொருளாக்கும் முறைக்கு இந்தியன் ஆயிலின் பானிபட் ஆலை 2025-ல் சர்வதேசச் சான்று பெற்றது. 2027-ல் சர்வதேச விமானங்களுக்கான எரிபொருளில் 1 சதவீதம் இத்தகைய எரிபொருள் கலப்பது நாட்டின் இலக்கு. வடைக் கடையில் மறுபடி மறுபடி கொதிக்கும் எண்ணெய்க்கு நல்ல விலை வேறு இடத்தில் கிடைத்தால், அது வடையை விட்டு விலகும். விதியும் அறிவுரையும் செய்யாததை அந்த விலை செய்யக்கூடும்.

லேபிளில் என்ன இல்லை?

டபுள் ரீஃபைண்ட், அல்ட்ரா ரீஃபைண்ட், கொலஸ்ட்ரால் ஃபைட்டர் போன்ற சொற்களைச் சமையல் எண்ணெய் உறையில் போடக்கூடாது என்று இந்திய விதி சொல்கிறது. நல்ல விதி. எது போடக்கூடாது என்பதோடு அது நின்றுவிடுகிறது. செக்கா, எக்ஸ்பெல்லரா, சால்வென்ட்டா? அமிலத்தை நீக்கியது காஸ்டிக்கா, நீராவியா? வாடை நீக்கிய சூடு எவ்வளவு? செக்கு எண்ணெய் என்றால் அஃப்ளாடாக்ஸின் சோதனை நடந்ததா? வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய இந்த விவரங்கள் ஆலையின் பதிவேட்டில் நாள்தோறும் எழுதப்படுகின்றன. உறைக்கு மட்டும் வருவதில்லை.

பெட்ரோல் பங்க்கில் நிற்கும் வண்டிக்குக் கந்தகம் எத்தனை மில்லிகிராம் என்று அரசாணை இருக்கிறது. பங்க்கில் எரிபொருள் தரத்தைச் சோதித்துக் காட்டச் சொல்லும் உரிமையும் வாடிக்கையாளருக்கு இருக்கிறது. என்ஜினுக்குக் கிடைத்திருக்கும் அந்த மரியாதையை வயிற்றுக்கும் கொடுங்கள் என்று கேட்பது பேராசை இல்லை. எடுத்த முறை, சுத்திகரித்த முறை, உச்சச் சூடு, சோதனைத் தேதி: நான்கே வரி. அவற்றை உறையில் அச்சிடச் சொல்லி ஒரு திருத்தம் வந்தால், செக்கா ரீஃபைண்டா என்ற வழக்கில் தீர்ப்பை அவரவர் சமையலறையிலேயே எழுதிக்கொள்ளலாம்.